வெண்கல வாளும் ஒரு வேலைக் கடிதமும்

1

போன சனிக்கிழமை காலை, எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பத்தின் தகப்பன் கையில் ஒரு படிவத்துடன் கதவைத் தட்டினார். நிரந்தர வதிவிடத்துக்கான படிவம். இங்கே கனடாவில், மல்வேர்னில், எங்களைப் போன்ற வீடுகளுக்குள் இந்தப் படிவம் வந்து போவது புதினம் அல்ல. அவரை இருத்தி, தேத்தண்ணீர் கொடுத்து, பேனையை எடுத்து எழுதத் தொடங்கினேன். பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் எத்தனை பேர் என்பதெல்லாம் ஓடியது. ஆயுதம் பற்றிய கேள்விக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது.

"என்னண்ணை, ஏதும் பிழையே?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை. இதுக்கு உமக்கு என்ன மறுமொழி எண்டு நீரே சொல்லும்" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தபடி "இல்லை எண்டு போடுங்கோ" என்றார். போட்டேன். ஆனால் அவர் போன பிறகு வெகுநேரம் அந்தக் கதிரையில் இருந்து எழும்ப முடியவில்லை. அதே கேள்விக்கு நான் மறுமொழி சொன்ன நாள் நினைவில் வந்து குந்திக்கொண்டது. அதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. இப்போது எங்களுக்குக் குடியுரிமையும் கிடைத்துவிட்டது. அந்த நாளில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் என் மகள். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ அப்பா, ஆனா என்னை நல்ல பிள்ளையாக் காட்டாதேங்கோ" என்றாள்.

2

கனடாவுக்கு வந்த முதல் வருடம் நான் அஜின்கோர்ட்டில் ஒரு சிறிய கடைத்தொகுதியில் துப்புரவு வேலை செய்தேன். ஊரில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளனாக இருந்தவன். பாடசாலையின் பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கடைத்தொகுதியின் கடைசிக் கடை சீனப் பழம்பொருட்கள் விற்கும் கடை. நடத்தியவர் ஹொங்கொங்கில் இருந்து வந்த ஒருவர். அவரை இங்கே ஃபோங் என்று அழைக்கிறேன். ஒருநாள் அவருடைய கண்ணாடிப் பெட்டியின் வெளிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு வாள் கிடந்தது. முழங்கையில் இருந்து விரல் நுனி வரைக்கும் ஒரு முழம், அதற்கு மேல் ஒரு சாண் நீளம். கரும்பச்சை பிடித்த வெண்கலம். அலகின் நடுவில், வெளிறிய பச்சைப் பொடி புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தது.

எனக்கு அந்தப் பொடியைத் தெரியும். ஆய்வுகூடத்தில் செம்புத் தகடுகளில் கண்டிருக்கிறேன். ஃபோங்கைக் கூப்பிட்டுக் காட்டி, தெரிந்த இங்கிலீசில் "குளோரைட். வோட்டர் கம், ஈட், ஈட்" என்றேன். காற்றில் ஈரம் இருந்தால் அது தின்றுகொண்டே போகும் என்பதைத்தான் அப்படிச் சொன்னேன்.

அவர் என்னையும் என் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு "நீ யார்?" என்று கேட்டார்.

அடுத்த கிழமை அவருடைய கடையின் பின்னறையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

3

அந்தக் கடைக்கு வந்த வாள்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாயிரம் வருடங்களுக்கும் மேல் பழையவை என்று ஃபோங் சொன்னார். பெரிய குடும்பத்து ஆட்கள் இடுப்பில் கட்டியவை. அவற்றின் பெருமை வெண்கலத்தில் மட்டும் இல்லை, அதில் பூட்டிய ஜேட் கல்லிலும் இருந்தது. ஒரு வாளுக்கு நாலு கல். பிடியின் முனையில் வட்டமாக ஒன்று. பிடியும் அலகும் சேரும் இடத்தில் ஒன்று. உறையின் வெளிப்பக்கத்தில், இடுப்புப் பட்டி நுழைவதற்குத் துவாரம் வெட்டிய நீளமான ஒன்று. உறையின் அடியில் ஒன்று.

முதல் நாள் வீட்டுக்கு வந்து பவானிக்கு, என் மனைவிக்கு, "கடையில வாளில மரகதம் பதிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டேன். ஜேட்டுக்கு எனக்கு வேறு சொல் தெரியவில்லை. அவள் ஒரு கிழமை என் சட்டைப் பைகளைக் கழுவுவதற்கு முன் உதறி உதறிப் பார்த்தாள். "ஏதும் ஒட்டிக்கொண்டு வந்திடும், பிறகு கள்ளன் எண்டுவாங்கள்" என்றாள். உண்மையில் அந்தக் கல் மரகதத்தின் நிறம் அல்ல. நுங்கின் நிறம். வெளிச்சத்துக்குப் பிடித்தால் நுங்குக்குள் தெரிவது போலவே ஒரு கலங்கல் தெரியும்.

உறைகள் மரத்தால் ஆனவை. மண்ணுக்குள் அவை உக்கிப் போய்விட்டன. பட்டியும் போய்விட்டது, கட்டிய ஆளும் போய்விட்டான். வாளும் நாலு கல்லும் மட்டும் மிச்சம். என் வேலை, பித்தளைக் கம்பியை வளைத்து அவற்றுக்குத் தாங்கி செய்வது. வாளை ஒரு தாங்கியில் கிடத்தி, உறை இருந்திருந்தால் அந்த இரண்டு கல்லும் எங்கே இருந்திருக்குமோ அதே இடத்தில், அதே உயரத்தில், கம்பியால் ஏந்தி நிறுத்த வேண்டும். தூரத்தில் நின்று பார்த்தால் கல் காற்றில் நிற்பது போல இருக்கும். இல்லாத உறையைக் கண் தானாகவே கண்டுகொள்ளும்.

அந்தக் கம்பிகளைக் கடையில் 'ஆம்ஸ்' என்று சொல்வார்கள். கைகள். "சேகா, இந்த வாளுக்கு ஆறு ஆம்ஸ் வேணும்" என்பார் ஃபோங். என் முழுப்பெயர் ஞானசேகரம். அவருடைய வாய்க்கு அவ்வளவுதான் வந்தது. நானும் ஆம்ஸ் என்றால் அந்தக் கம்பி என்றே மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதன்முதலில் ஒரு வாளைத் தூக்கியபோது கை நடுங்கியது. வயதான வெண்கலம் விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும் என்று ஃபோங் எச்சரித்திருந்தார். அவர் அதற்காகத்தான் நடுங்குகிறேன் என்று நினைத்தார். அது மட்டும் இல்லை. எங்கள் ஊரில் சோதனைச் சாவடியில் பையில் இரண்டு பற்றரியும் ஒரு செப்புக் கம்பிச் சுருளும் இருந்ததற்காக, குண்டு செய்யவோ என்று ஆமிக்காரர் என்னை மூன்று நாள் பிடித்து வைத்திருந்தார்கள். ஆய்வுகூடத்துக்கு வாங்கியவை என்று அதிபர் வந்து கையெழுத்து வைத்த பிறகுதான் விட்டார்கள். கம்பிக்கே மூன்று நாள். இப்போது என் இரண்டு கையிலும் ஒரு வாள்.

4

அகதி என்று எங்களை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்தது நிரந்தர வதிவிடம். அதற்கான படிவத்துடன் வேலை செய்யும் இடத்தில் இருந்தும் ஒரு கடிதம் இணைத்தால் நல்லது என்று தவம் அண்ணை சொன்னார். எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் மொழிபெயர்ப்பாளராகப் போகிறவர் அவர். ஃபோங்கிடம் கேட்டேன். மனமுவந்து எழுதித் தந்தார். அன்று மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை. அவளிடம் காட்டாமல் நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'ஆம்ஸ்' என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. என் தாங்கி வேலையைத்தான் புகழ்கிறார் என்று சந்தோஷப்பட்டு அஞ்சல் பெட்டியில் போட்டேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு மகள் நிரோஜா அதன் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு குசினிக்குள் வந்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு.

"அப்பா, இதை அனுப்பிட்டீங்களா?"

"ஓம். ஏன்?"

"யூ டிட் நொட் ஷோ மீ." அவள் முகம் வெளுத்திருந்தது. "இதில என்ன கிடக்கு எண்டு தெரியுமா? இவர் மூண்டு வருசமா சைனாவில இருந்து வாற ஆம்ஸைக் கையாளுறார், ஆம்ஸில நல்ல கெட்டிக்காரன் எண்டு எழுதியிருக்கு."

"அதுக்கென்ன? கம்பி வேலைதானே."

"அப்பா, ஆம்ஸ் எண்டால் ஆயுதம்."

பவானி கையில் இருந்த அகப்பையை அடுப்பில் வைத்தாள். சோறு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் அடுப்பை நிற்பாட்டினோம்.

ஃபோங்கிடம் போய்ச் சொன்னபோது அவரும் பயந்துபோனார். "பழங்கால ஆயுதம் என்றுதான் எழுத நினைத்தேன். பழங்கால என்ற சொல் எங்கே போயிற்று?" என்று தன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது எங்கேயும் இல்லை. அவருடைய இங்கிலீசும் என்னுடையதைப் போல இரவல் உடுப்புத்தான். திருத்திய கடிதம் ஒன்றை அன்றே அனுப்பினார். அது போய்ச் சேர்வதற்கு முன் எங்களுக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. வேலை தொடர்பான ஆதாரங்களைக் கொண்டு வரவும் என்று அதில் தனியாக ஒரு வரி.

"ஒரு வாளையே கொண்டுபோ. பார்த்தால் விளங்கும்" என்றார் ஃபோங். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, படம் எடுப்போம்" என்றார்.

5

இனி, அதுவரை ஒருவருக்கும் சொல்லியிராத விஷயத்துக்கு வருகிறேன்.

ஊரில், நான் அந்தப் பாடசாலையில் இருந்த கடைசி வருடங்களில், ஒரு பின்னேரம் ஒரு பெண்பிள்ளை சைக்கிளில் வந்தாள். எங்கள் பாடசாலையில் உயர்தரம் படித்தவள். ஒருமுறை பியூரெட் கண்ணாடிக் குழாய் ஒன்றை உடைத்துவிட்டு அழுதுகொண்டு நின்றதால் எனக்கு முகம் நினைவில் இருந்தது. இயக்கத்துக்குப் போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டிருந்தேன். சைக்கிளின் பின்பக்கத்தில் சாக்கால் சுற்றி இறுக்கிக் கட்டிய ஒரு மூட்டை.

"அண்ணை, ஒரு எட்டு நாளைக்கு உங்கட அலுமாரிக்குள்ள வையுங்கோ. நான் வந்து எடுக்கிறன்."

"என்னது பிள்ளை?"

அவள் மூட்டையை இறக்கிச் சுவரோடு சாத்தினாள். கோபமாகப் பார்க்கவில்லை. காத்துக்கொண்டு நின்றாள். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குப் பயந்தேனா, அவளை அனுப்பியவர்களுக்குப் பயந்தேனா, அல்லது அழுதுகொண்டு நின்ற அந்தப் பழைய முகத்துக்கு இரங்கினேனா என்பதும் தெரியாது. அமிலப் போத்தல்கள் வைக்கும் அலுமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன். திறந்து பார்க்கவில்லை. ஆனால் தூக்கினேன். தூக்கினாலே தெரியும்.

எட்டு நாள் நான் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. பவானி வயிற்றுக்கோளாறு என்று நினைத்து ஓமத்தண்ணீர் தந்தாள். எட்டாம் நாள் அந்தப் பெண்பிள்ளை வந்து மூட்டையை எடுத்துக்கொண்டு, "பயந்திட்டியளோ அண்ணை?" என்று கேட்டாள். பிறகு நான் அவளைக் காணவில்லை.

அகதி விசாரணையில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சாவடியில் பிடித்ததை மட்டும் சொன்னேன். இப்போது ஒரு சொல் பிழையாகப் போனதால், அந்தக் கேள்வி நேராக என்னிடம் வரப்போகிறது.

6

நேர்முகத்துக்கு நாங்கள்தான் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அன்று காலை தவம் அண்ணைக்குக் கல்லடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். பவானிக்கு ஃபக்டரியில் லீவு தரவில்லை. நேர்முகத் திகதியை மாற்றினால் சந்தேகப்படுவார்களோ என்று எனக்குப் பயம்.

"நான் வாறன் அப்பா. இற்ஸ் ஓகே. நான் வடிவாச் சொல்லுவன்" என்றாள் நிரோஜா.

அவள் பள்ளிக்கூடத்துக்குப் போடும் நல்ல சட்டையைப் போட்டு, தலையை இழுத்துக் கட்டியிருந்தாள். பஸ்ஸில் போகும்போது 'உறை', 'பிடி', 'அலகு' என்பவற்றுக்கு இங்கிலீசில் என்ன என்று அகராதி பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். ஜேட் கல்லைப் பற்றிப் பள்ளி நூலகத்தில் வாசித்தும் வந்திருந்தாள். அந்தத் தாளைப் பார்க்காமல் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அதிகாரி ஐம்பது வயதுப் பெண். கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கோப்பின் மேலேயே ஃபோங்கின் கடிதம் இருந்தது. அந்தச் சொல்லின் கீழ் பென்சிலால் ஒரு கோடு.

நிரோஜா விளக்கினாள். படங்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். கம்பியைக் காட்டி, இதுவும் ஆம்ஸ் என்றாள். அதிகாரி முதலில் சிரிக்கவில்லை. பிறகு உதடு மெல்ல அசைந்தது. பிறகு வாய்விட்டே சிரித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காற்றில் நிற்கும் கல் எப்படி நிற்கிறது என்று கேட்டார். மரம் உக்கியதையும் கல் உக்காததையும் மகள் சொன்னாள். அவள் சொன்ன விதம் எனக்கே புதிதாக இருந்தது. அந்த வாள்களை நான் ஒருநாளும் அவ்வளவு அழகாக யாருக்கும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அதிகாரி படங்களை அடுக்கித் திருப்பித் தந்தார். அடுத்த தாளைப் புரட்டி, தலை நிமிராமலே ஒரு கேள்வி கேட்டார். நிரோஜா என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இதுகளை விட, ஊரில எப்பவாவது ஆயுதம் வைச்சிருந்தீங்களா, இல்லாட்டி ஆருக்காவது ஒளிச்சு வைச்சுக் குடுத்தீங்களா எண்டு கேக்கிறா."

கேட்கும்போதே அவள் தலை 'இல்லை' என்று லேசாக அசையத் தொடங்கியிருந்தது. என் மறுமொழி அவளுக்கு முன்னமே தெரியும். அவளுடைய அப்பாவை அவளுக்குத் தெரியும்.

நான் இல்லை என்று சொல்லத்தான் வந்திருந்தேன். மூன்று கிழமை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்த ஒரு சொல்லைப் பழகியிருந்தேன். ஆனால் அந்தப் பொய்யை நான் அதிகாரிக்குச் சொல்ல முடியாது. முதலில் இவளுக்குச் சொல்ல வேண்டும். அதை இவள் உண்மை என்று நம்பி, தன் வாயால் அங்கே சொல்ல வேண்டும். அது என்னால் முடியவில்லை.

"வைச்சிருந்தனான்" என்றேன். "எட்டு நாள். ஒரு மூட்டை. வேற ஆக்களின்ரை. நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை. சொல்லு பிள்ளை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, ஒரு பிசகும் இல்லாத குரலில், "நோ. ஹி செட் நோ, நெவர்" என்றாள்.

அதிகாரி எழுதப் பேனையை எடுத்தார்.

அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஒரு மூச்சு இருக்கும். பேசாமல் இருந்தால் எல்லோரும் தப்பிவிடுவோம். பேசினால் மகளை ஒரு அரச அதிகாரியின் முன்னால் பொய்க்காரி ஆக்குவேன். பேசாவிட்டால் அவள் அதைத் தன் ஆயுள் முழுக்க வைத்திருப்பாள். எட்டு நாள் இல்லை.

"எக்ஸ்கியூஸ் மீ, மடம்" என்றேன். "நொட் நோ. யெஸ். மை டோட்டர் ஸ்மோல். ஷி அஃப்ரெய்ட். ஐ கீப். எயிற் டேய்ஸ்."

அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லை. நிரோஜாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் எழும்பி, தன் தாளையும் எடுக்காமல் வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது. தொலைபேசியில் வேறொரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். எங்கேயோ இருக்கும், முகம் தெரியாத ஒரு தமிழ்ப் பெண்ணின் குரலுக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டைக்குள் என்ன என்று தெரியுமா என்று கேட்டார்கள். திறக்கவில்லை, ஆனால் தெரியும் என்றேன். அதிகாரி நெடுநேரம் எழுதினார்.

முக்கால் மணித்தியாலம் கழித்து வெளியே வந்தேன். நிரோஜா நடைபாதைக் கதிரையில் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து இருந்தாள். வீடு வரைக்கும் இரண்டு பஸ்ஸிலும் என்னை விட்டு இரண்டு வரிசை தள்ளிப் போய் இருந்தாள்.

7

அன்றிரவு பவானியிடம், நிரோஜாவுக்கும் கேட்கும்படி, அந்தப் பெண்பிள்ளையின் கதை முழுவதையும் சொன்னேன். பவானி மூன்று நாள் அழுதாள். அவளுக்கு இரண்டு கோபம். ஒன்று, எட்டு நாள் ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு அவளிடம் சொல்லாமல் இருந்தது. மற்றது, இப்போது சொன்னது.

"உண்மை சொல்ல உங்களுக்கு வேற இடம் கிடைக்கேல்லையே?" என்றாள். "இந்தப் பிள்ளை யுனிவேர்சிற்றிக்குப் போறதுக்கு அந்தப் பேப்பர் இல்லாமல் என்ன செய்யிறது? திருப்பி அனுப்பினால் என்ன செய்யிறது?"

ஊரில் விமானத்தில் இருந்து இறங்கும்போது என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

முடிவுக்காகக் காத்திருந்தது பதினாலு மாதம். கட்டடத்தின் வாகனத் தரிப்பிடத்தில் வெள்ளைக் கார் நின்றால் அது எங்களுக்காக வந்தது. ஃபோன் அடித்து நின்றுவிட்டால் குடிவரவு ஆட்கள்தான் நாங்கள் இருக்கிறோமா என்று பார்க்கிறார்கள். கதவைத் தட்டினால் மூன்று பேரும் மூன்று இடத்தில் அசையாமல் நிற்போம்.

ஒருநாள் கடையின் பின்னறையில் ஒரு வாளைத் தாங்கியில் இருந்து எடுத்து இரு கையிலும் ஏந்திக்கொண்டு முன்பக்கம் வந்தேன். அங்கே இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். சீருடை, இடுப்பில் துவக்கு. பக்கத்துக் கடையில் களவு போனதைப் பற்றி ஃபோங்கிடம் விசாரிக்க வந்தவர்கள். எனக்கு அது தெரியாது. நான் கண்டது இரண்டு பொலிஸ்காரர், என் கையில் ஒரு வாள்.

ஒருவர் என்னைப் பார்த்து, "நல்ல வாள்" என்றார்.

ஓடவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. வைக்கக் குனிந்தால் சுடுவார்கள் என்று தோன்றியது. பிடியில் இருந்த கல் என் கட்டைவிரலுக்குக் கீழே ஐஸ் போலக் குளிர்ந்துகொண்டிருந்தது. அவர்கள் ஃபோங்கிடம் இரண்டு கேள்வி கேட்டு, குறித்துக்கொண்டு, நல்ல நாளாக இருக்கட்டும் என்று சொல்லிப் போனார்கள். கதவு மணி அடித்து ஓய்ந்த பிறகும் நான் அப்படியே நின்றேன். ஃபோங் பக்கத்தில் வந்து, "சேகா, கொடு" என்றார். கொடுக்க விரல் விரியவில்லை. அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாளை எடுத்தார். அதை வெல்வெட் துணியில் கிடத்திவிட்டு, என்னைக் கதிரையில் இருத்தி, தன்னுடைய கசப்புத் தேநீரை என் வாயில் வைத்துக் குடிக்கச் செய்தார். கடையை அன்று மத்தியானமே பூட்டிவிட்டார்.

அதை விடவும் நான் பயந்தது மகளுக்கு. அவள் என்னோடு தமிழில் பேசுவதை நிறுத்தியிருந்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீசில் ஒரு சொல்லில் மறுமொழி சொல்வாள். வங்கியில் இருந்து கடிதம் வந்தால், "ஆஸ்க் சம்வன் எல்ஸ்" என்பாள். அதுவரை வீட்டுக்கு வந்த எல்லாக் கடிதத்தையும் வாசித்துச் சொன்னவள் அவள்தான். அறைக்கதவு எந்நேரமும் சாத்தியிருக்கும். சாப்பாட்டுத் தட்டுடன் உள்ளே போவாள், வெறும் தட்டை வைக்க மட்டும் வெளியே வருவாள். நான் அவளைக் காட்டிக்கொடுத்ததற்குத் தரும் தண்டனை என்று நினைத்தேன். நியாயமான தண்டனை என்றும் நினைத்தேன். அதனால் ஒருநாளும் அவளை நிறுத்தி வைத்துக் கேட்கவில்லை.

இங்கே வளரும் பிள்ளைகள் எங்களிடம் இருந்து விலகிப் போகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் கூடும் இடமெல்லாம் பேச்சு. பனிக்காலத்தையும் பள்ளிக்கூடத்தையும் கூடாத சிநேகிதத்தையும் காரணம் சொல்வார்கள். நான் அந்தப் பேச்சில் சேர்வதில்லை. என் மகள் எந்த நாளில், எந்தக் கதவால் வெளியே போனாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

8

குடிவரவு அலுவலகத்தின் கடிதம் ஒரு வசந்தகாலப் பின்னேரம் வந்தது. நான் வேலையால் வந்தபோது நிரோஜா சாப்பாட்டு மேசையில் இருந்தாள். உறை அவளுக்கு முன்னால், பிரிக்காமல். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியவில்லை. வெளி ஜக்கெற்றைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்களே திறவுங்கோ" என்றாள். பதினாலு மாதத்துக்குப் பிறகு தமிழில்.

திறந்தேன். எழுத்து ஒன்றும் கண்ணுக்குள் நிற்கவில்லை. அவளிடம் நீட்டினேன். அவள் முதல் பந்தியை வாசித்தாள், பிறகு அடுத்த தாளை, பிறகு திரும்பவும் முதலாவதை.

"தந்திட்டாங்கள் அப்பா. மூண்டு பேருக்கும்."

நான் கதிரையை இழுத்து இருந்தேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் இரண்டு தாள்களையும் முன்னும் பின்னும் புரட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தாள். உறைக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை தேடுறாய்?"

"என்னைப் பற்றி ஒண்டும் இல்லையா?"

"என்ன உன்னைப் பற்றி?"

"நான் 'நோ' எண்டு சொன்னதை அண்டைக்கு அந்த ஒஃபிசர் எழுதினவவா?"

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. அவள் பேசத் தொடங்கினாள், இங்கிலீசும் தமிழும் கலந்து, நிறுத்தாமல். பொய் சொன்னால் குற்றம் என்று அந்தப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறதாம். நடைபாதையில் இருந்த முக்கால் மணித்தியாலமும் தன்னைப் பிடிக்க ஆட்கள் வருவார்கள் என்று இருந்தாளாம். ஒருவரும் வராததால், எழுதி வைத்திருக்கிறார்கள், கடிதத்தில் வரும் என்று நினைத்தாளாம். அப்பா உண்மையைச் சொன்னார், அவருக்குப் பிழை இல்லை, திருப்பி அனுப்பினால் அது தன்னால்தான் என்று. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூட மத்தியான இடைவேளையில் ஓடி வந்து தபால் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போவாளாம். வங்கிக் கடிதங்களைத் தொட மறுத்ததும் அதனால்தான். தான் மொழிபெயர்த்தால் பிழையாகப் போகும் என்று.

"இல்லை பிள்ளை" என்றேன். "அவ உன்ரை பேரைக்கூட எழுதேல்லை. நீ வெளியில போன பிறகு, 'என் பிள்ளையாக இருந்தாலும் இதைத்தான் செய்திருக்கும்' எண்டு அந்த மனிசி ஃபோன்காரியிட்டைச் சொன்னவ. ஃபோன்காரி அதையும் எனக்குத் தமிழில சொன்னவ."

அவள் தாளை மேசையில் வைத்தாள்.

"அதை ஏன் எனக்கு அப்பவே சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை."

"நீங்களும் கேக்கேல்லை" என்றாள்.

பதினாலு மாதம், இரண்டு அறை வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து நாங்கள் இருவரும் தனித்தனியே பயந்திருக்கிறோம். நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவளுடைய பாதிப் பயம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அவள் கோபமாக இருக்கிறாள் என்று நினைப்பது எனக்கு லேசாக இருந்தது. அவளும் என்னைப் போலப் பயந்துகொண்டிருக்கலாம் என்பது ஒருநாளும் மனதில் வரவில்லை.

அவள் ஜக்கெற்றைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, என் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"அந்த மூட்டையைக் கொண்டுவந்த அக்கா இப்ப எங்கை அப்பா?"

"தெரியாது."

"உயிரோட இருக்கிறாவா?"

"தெரியாது பிள்ளை."

"பேராவது தெரியுமா?"

தெரியும். ஊரில் இருந்து வந்த நாளில் இருந்து அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதிகாரி கேட்டபோதும், மறந்துவிட்டது என்றுதான் சொன்னேன். அன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். என் மகளுக்கு அதைச் சொன்னேன். அவள் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு, அந்தப் பெயர் வெளியே போய்விடக் கூடாது என்பது போல, எழும்பிப் போய்க் கதவுப் பூட்டைச் சரிபார்த்துவிட்டு வந்து இருந்தாள்.